‘அன்எய்டட்’ என்றால் ‘தனியாக’ என்றா பொருள்? அப்பாவின் டிஸ்சார்ஜ் தாளில் ஒரு சொல்

பொன்மலை_மகள் கேட்டது:

வணக்கம். ‘அன்எய்டட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சரியான பொருள் எனக்குத் தெரிய வேண்டும். அகராதியைப் பார்த்துவிட்டேன். ‘பிறர் உதவியின்றி, துணையின்றி’ என்று போட்டிருக்கிறது. அதற்குப் பிறகும் குழப்பம் தீரவில்லை, அதனால்தான் இங்கே வந்திருக்கிறேன்.

அப்பாவுக்கு 71 வயது. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாலு மாதத்துக்கு முன் ஸ்ட்ரோக் வந்து இடது கை, இடது கால் இரண்டும் விழுந்துவிட்டன. மருத்துவமனையிலும் அதை ஒட்டிய பயிற்சிக் கூடத்திலுமாக ஐந்து வாரம் இருந்தோம். முதலில் வாக்கர், அப்புறம் கோல், கடைசி வாரத்தில் கோலையும் விட்டுவிட்டு வராந்தாவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார். நான் கைப்பிடிச் சுவரோரம் நின்று பார்த்து அழுதேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் இரண்டாம் பக்கக் கடைசி வரி: “பேஷண்ட் வாக்ஸ் அன்எய்டட்.” மூன்றாம் பக்கத்தில், மாத்திரைப் பட்டியலுக்கெல்லாம் கீழே, “சூப்பர்விஷன் அட்வைஸ்டு” என்று இரண்டே சொல். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று அன்றைக்கு எங்களுக்குத் தோன்றவில்லை. தாளைக் கையில் கொடுத்தவரிடம் அம்மா கேட்டார், என்னம்மா எழுதியிருக்கு என்று. “தனியா நடக்கிறார்னு போட்டிருக்கும்மா” என்றார் அந்தப் பெண். அவ்வளவுதான், அந்த ‘தனியா’ எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போனில் போய்ச் சேர்ந்தது. மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த காசை அம்மா சமயபுரத்தில் கொண்டுபோய்ச் செலுத்திவிட்டு வந்தார்.

ஒன்பதாம் நாள் விடியற்காலை நாலு மணிக்கு அப்பா பாத்ரூம் போக எழுந்தார். பக்கத்தில் படுத்திருந்த அம்மாவை எழுப்பவில்லை. பாத்ரூம் வாசலில் இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு படி இருக்கிறது. இடது கால் கட்டைவிரல் அதில் தட்டி, நிலையில் நெற்றி மோதி விழுந்தார். நாலு தையல். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் உடனே சி.டி. எடுத்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரியும் வரைக்கும் எனக்குக் கை கால் ஓடவில்லை.

ஏன்ப்பா அம்மாவை எழுப்பவில்லை என்று கேட்டேன். “நான்தான் தனியா நடக்கிறேன்னு எழுதியே குடுத்துட்டாங்களே” என்றார்.

இப்போது இரண்டு கேள்விகள். ஒன்று, ‘அன்எய்டட்’ என்பதில் இல்லாமல் போவது எது? ஆளா, கோலா, இரண்டுமா? இன்னொன்று, நான் வேலைக்குப் போகும் நேரத்தில் அப்பாவைப் பகல்நேரப் பராமரிப்பு மையம் ஒன்றில் விடலாம் என்று படிவம் வாங்கியிருக்கிறேன். அதில் ‘மொபிலிட்டி’ என்று போட்டு நாலு கட்டம்: அன்எய்டட், வித் எய்ட், வித் அசிஸ்டன்ஸ், பெட் பவுண்ட். எதில் டிக் போடுவது? மறுபடியும் ஒரு சொல்லால் அவர் விழக் கூடாது.

பிசியோ_கோவை:

அக்கா, படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. அப்பா தப்பித்தது பெரிய விஷயம். நான் 14 வருடமாக இயன்முறை மருத்துவர், பாதி நாள் ஸ்ட்ரோக் வார்டில்தான் இருப்பேன். உங்கள் முதல் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். நடை பற்றி நாங்கள் எழுதும்போது ‘எய்ட்’ என்றால் கருவி. கோல், நாலு கால் கோல், வாக்கர், ஊன்றுகட்டை. ‘வாக்ஸ் அன்எய்டட்’ என்று எழுதினால் கையில் கருவி இல்லாமல் நடக்கிறார் என்பது மட்டும்தான் சேதி. பக்கத்தில் ஆள் வேண்டுமா வேண்டாமா என்பதைப் பற்றி அந்தச் சொல் வாயே திறக்கவில்லை.

ஆளைப் பற்றிச் சொல்ல எங்களிடம் வேறு இரண்டு சொல் இருக்கிறது. தொட்டுப் பிடித்து, தாங்கி, தூக்கிவிட்டால் ‘அசிஸ்டன்ஸ்’. தொடாமல், விழுந்தால் பிடிக்கும் தூரத்தில் கூடவே நடந்தால் ‘சூப்பர்விஷன்’. உங்கள் தாளில் மூன்றாம் பக்கம் போய் ஒளிந்துகொண்டது இதுதான். இரண்டாம் பக்கத்து வரியோடு அதே மூச்சில் எழுதியிருக்க வேண்டிய சொல் அது. எழுதினவர் மேல் எனக்கு வருத்தம்தான்.

நாங்கள் மதிப்பெண் போடும் முறையைச் சொன்னால் இன்னும் தெளிவாகும். எஃப்.ஐ.எம். என்று ஓர் அளவுகோல், 1 முதல் 7 வரை. கருவி வேண்டாம், ஆள் வேண்டாம், பயம் இல்லை என்றால் 7. கோல் ஊன்றி, ஆனால் யாரும் கூட இல்லாமல் பத்திரமாக நடந்தால் 6. கருவி இல்லாவிட்டாலும் ஒருவர் கூடவே வர வேண்டும் என்றால் 5. அதாவது கோல் ஊன்றுகிற பக்கத்துக் கட்டில்காரருக்கு 6, கோலை விட்டுவிட்ட உங்கள் அப்பாவுக்கு 5. குடும்பத்தார் யாரும் இதை முதலில் நம்ப மாட்டார்கள். கோலை விட்டதும் கோயிலுக்குப் போய்விடுவார்கள். நான் அவர்கள் சந்தோஷத்தைக் கெடுக்க மாட்டேன், ஆனால் அன்றைக்கே உட்கார வைத்து இந்த 5, 6 கணக்கைச் சொல்லிவிடுவேன்.

பார்த்தல் இன்டெக்ஸ் என்று 1965-இல் வந்த இன்னொரு அளவுகோல், மொத்தம் 100 மதிப்பெண். அதிலும் 50 கெஜம் தானாக நடந்தால் 15, கோல் ஊன்றினாலும் அதே 15. ஆள் கூட வந்தாலோ, வாயால் சொல்லிக்கொண்டே வர வேண்டியிருந்தாலோ 10. ‘இண்டிபெண்டன்ட்’ என்று நாங்கள் எழுதும் சொல்லுக்குள் கோல் அடங்கும் என்பது இதிலிருந்து தெரியும். கோல் ஊன்றுபவர் இண்டிபெண்டன்டாக இருக்கலாம், அன்எய்டட் ஆக மாட்டார். உங்கள் அப்பா அன்எய்டட், இன்னும் இண்டிபெண்டன்ட் ஆகவில்லை.

அப்புறம் ஒன்று. இடது பக்கம் விழுந்திருக்கிறது என்றால் அடி பட்டது மூளையின் வலது பாதி. வலது பக்க ஸ்ட்ரோக் வந்தவர்களில் பலருக்கு இடது பக்கத்தின் மேல் கவனமே இருக்காது. தட்டில் இடது பாதிச் சோறு அப்படியே இருக்கும், கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொள்வார்கள், ‘எனக்கு ஒண்ணும் இல்லை’ என்று உறுதியாகச் சொல்வார்கள். பிடிவாதம் என்று வீட்டில் நினைப்பார்கள். பிடிவாதம் இல்லை அக்கா, பலவீனம் இருப்பதே மூளைக்குப் போய்ச் சேரவில்லை. அப்பா அம்மாவை எழுப்பாததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். சாப்பிடும்போது தட்டைக் கவனியுங்கள். அப்படி ஏதாவது தெரிந்தால் அடுத்த முறை டாக்டரிடம் சொல்லுங்கள்.

கூட நடக்கிறவர் எங்கே நிற்க வேண்டும் என்று யாராவது காட்டிக் கொடுத்தார்களா? இடது பக்கம், அரை அடி பின்னால். முன்னால் நின்று இரண்டு கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போகக் கூடாது. உங்கள் வலது கை அவர் இடுப்புக்குப் பின்னால் தொடாமல் இருக்கட்டும். இரவில் கட்டிலருகே யூரின் பாட்டில், பாத்ரூம் வழியில் அணையாத சின்ன பல்ப், அந்த இரண்டு விரல் படியில் மஞ்சள் பெயின்ட். முடிந்தால் படியையே உடைத்துச் சரிவாக்கிவிடுங்கள், ஒரு கொத்தனாருக்கு அரை நாள் வேலை.

படிவத்துக்கு: ‘அன்எய்டட்’ கட்டத்தை மட்டும் டிக் போட்டுவிட்டுக் கொடுக்காதீர்கள். அங்கே இருப்பவர்கள் ‘இவருக்கு ஆள் வேண்டாம்’ என்று எடுத்துக்கொள்வார்கள். சூப்பர்விஷனுக்கென்று தனிக் கட்டம் இல்லாததால் ‘வித் அசிஸ்டன்ஸ்’ கட்டத்தில் டிக் போட்டு, பக்கத்தில் கையாலேயே எழுதுங்கள்: கோல் வேண்டாம், ஆள் கூடவே வர வேண்டும், இடது பக்கம்.

ஓய்வு_இங்கிலீஷ்_வாத்தியார்:

மகளே, அப்பா நலமாக இருக்கட்டும். மருத்துவம் பிசியோ அம்மா சொல்லிவிட்டார், நான் சொல்லைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

‘எய்ட்’ என்பது லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். பொதுவாக உதவி என்று பொருள். முன்னால் ‘அன்’ சேர்ந்தால் உதவி இல்லாமல். இலக்கணத்தில் ஒன்று கவனிக்கலாம், இது பெயருக்கு முன்னாலும் வரும், வினைக்குப் பின்னாலும் வரும், வடிவம் மாறாது. ‘வாக்ஸ் அன்எய்டட்’ என்பார்கள், ‘அன்எய்டட்லி’ என்று யாரும் சொல்வதில்லை. மாணவர்கள் அந்த ‘லி’யைச் சேர்த்துவிடுவார்கள், நான் சிவப்பு மையில் அடித்துவிடுவேன்.

எந்த உதவி என்பதை அந்தச் சொல் தன்னிடம் வைத்திருப்பதில்லை, இடம்தான் சொல்லும். வானியலில் ‘அன்எய்டட் ஐ’ என்றால் தொலைநோக்கி இல்லாத கண். புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஐந்தையும் அப்படிப் பார்க்கலாம், மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாலும் கணக்கில் சேரும். அதே நபர் கண் டாக்டரிடம் போனால் ‘அன்எய்டட் விஷன்’ என்று எழுதுவார்கள். அங்கே மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பலகை எழுத்தைப் படிக்க வேண்டும்.

இப்போது தமிழுக்கு வருகிறேன், எனக்கு ஆதங்கம் இங்கேதான். நம் மொழியில் இந்த வேறுபாட்டுக்குச் சொல் இல்லாமல் இல்லை. கருவி இல்லாததற்கு ‘வெறும்’ என்கிறோம்: வெறுங்கண், வெறுங்கை, வெறுங்கால். அடுத்தவர் கை படாததற்கு ‘தானே’ என்கிறோம். பக்கத்தில் ஆளே இல்லாததற்குத்தான் ‘தனியாக’, ஊர்ப்பக்கம் ‘ஒண்டியா’. ஒன்றரை வயதுக் குழந்தை இட்லியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்கிறது. அம்மா எதிரே உட்கார்ந்திருக்கிறாள். ‘பிள்ளை தானே சாப்பிடுது’ என்று பெருமையாகச் சொல்வோம். ‘பிள்ளை தனியாச் சாப்பிடுது’ என்று சொன்னால் கேட்பவர் பதறிப்போய், அம்மா எங்கே என்பார். இதை யாரும் நமக்குப் பாடம் நடத்தவில்லை, பேசிப் பேசியே வந்தது. அன்றைக்கு உங்கள் அம்மாவிடம் ‘கோல் இல்லாம தானே நடக்கிறார், ஆனா தனியா விடாதீங்க’ என்று சொல்லியிருந்தால் படிக்காத கிழவிக்கும் புரிந்திருக்கும். ஆங்கிலச் சொல்லில் தவறில்லை, எடுத்துக் கொடுத்த தமிழ்ச் சொல்தான் இடம் மாறிவிட்டது.

‘தானாக’ என்பதிலும் கவனம் வேண்டும். பிசியோ அம்மா ‘தானாக நடந்தால்’ என்று எழுதியிருக்கிறார், பேச்சில் அப்படிச் சொல்வதுதான். ஆனால் கதவு தானாகத் திறந்தது என்போமே, யாரும் செய்யாமல் நடந்தது என்ற சாயல் அதற்கு உண்டு. எழுதிக் கொடுக்கும்போது ‘தானே’ நல்லது.

துணையில்லாமல் செய்வதைக் குறிக்கிற சொற்களை மிகவும் கறாராகப் பிரித்து வைத்திருப்பவர்கள் கடலோடிகள். நம் கடற்படை அதிகாரி திலீப் தோண்டே 2009 ஆகஸ்டில் மும்பையிலிருந்து மாதேய் என்ற பாய்மரப் படகில் கிளம்பி, உலகைச் சுற்றிவிட்டு 2010 மே மாதம் திரும்பினார். படகில் அவர் மட்டும்தான், ஆனால் வழியில் நாலு துறைமுகங்களில் நின்றார். அதே படகில் அபிலாஷ் டோமி 2012 நவம்பரில் கிளம்பி, 2013 மார்ச் கடைசியில் வந்து சேர்ந்தார். எந்தத் துறைமுகத்தையும் தொடவில்லை, வெளியிலிருந்து ஒரு பொருளும் வாங்கவில்லை. அதனால் இவர் பயணத்துக்கு ‘சோலோ, நான்ஸ்டாப், அன்அசிஸ்டட்’ என்று மூன்று சொல். ‘சோலோ’ இருவருக்கும் பொது, ‘நான்ஸ்டாப்’ டோமிக்கு மட்டும். மூன்றையும் ‘தன்னந்தனியாக’ என்ற ஒரே சொல்லில் அடைத்தால் இரண்டு பயணத்துக்கும் வித்தியாசமே தெரியாமல் போய்விடும். உங்கள் அப்பாவின் தாளில் நடந்ததும் இதுதான்.

மதுரைக்காரி:

எனக்கும் இந்தச் சொல்லோடு ஒரு பழக்கம் உண்டு. என் பையனுக்கு மூன்று வயதில் காது பரிசோதனை செய்தபோது கிராஃபில் இரண்டு கோடு. ஒன்றில் ‘அன்எய்டட்’, இன்னொன்றில் ‘எய்டட்’. முதல் கோடு 75 டெசிபல் பக்கம் கீழே கிடந்தது. உதவவே முடியாத காது என்றுதான் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸில் வீடு வரை அழுதுகொண்டே வந்தேன். மறுநாள் ஆடியாலஜிஸ்ட் அக்காவுக்கு போன் செய்தேன். “மெஷின் இல்லாம 75, மெஷின் போட்டா 35, அவ்வளவுதாம்மா” என்றார். எனக்கு உயிர் வந்தது. அங்கேயும் எய்ட் என்றால் மெஷின்தான், ஆள் இல்லை. இப்போது பையன் இரண்டாம் வகுப்பு, கடைசி பெஞ்சிலிருந்தும் டீச்சர் சொல்வது கேட்கிறது என்கிறான்.

அக்கா, டிக் போட்ட கட்டத்தை மையத்தில் யார் படிப்பார்கள் என்று தெரியாது. காலையில் அப்பாவை நேரில் பார்த்துக்கொள்ளும் ஆயாவிடம் வாயால் ஒரு தடவை சொல்லிவிடுங்கள்.

சட்டம்_படிப்பவன்:

சின்னச் சேர்க்கை. பள்ளிக்கூடத்தைச் சொல்லும்போது இதே சொல்லில் எய்ட் என்றால் அரசு மானியம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, அரசிடமிருந்தும் உள்ளாட்சியிடமிருந்தும் எந்த மானியமும் வாங்காத பள்ளிதான் அன்எய்டட். நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் என்ற விதி இந்தப் பள்ளிகளுக்கும் வருகிறது. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இந்த விதி இல்லை என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, இன்ன உதவி என்று அந்தத் துறைக்காரரைத்தான் கேட்க வேண்டும் என்ற வாத்தியார் ஐயாவின் கருத்து இங்கேயும் சரி.

பொன்மலை_மகள்:

எல்லாருக்கும் நன்றி. பிசியோ தங்கச்சி, நீ சொன்ன பிறகு ராத்திரி அப்பாவின் தட்டைப் பார்த்தேன். வலது பக்கம் வழித்துச் சாப்பிட்டிருந்தார், இடது ஓரத்தில் கத்தரிக்காய்ப் பொரியல் தொடாமல் இருந்தது. நாங்கள் கத்தரிக்காய் பிடிக்கவில்லை என்று நினைத்திருந்தோம். தட்டைத் திருப்பி வைத்தேன், சாப்பிட்டார். திங்கட்கிழமை டாக்டரிடம் சொல்லப் போகிறேன்.

படிவத்தில் நீ சொன்னபடியே எழுதிவிட்டேன். மதுரைத் தங்கச்சி சொன்னதற்காக ஆயாவையும் நேரில் பார்த்து, இடது பக்கம் எப்படி நிற்க வேண்டும் என்று அப்பாவை நடக்க வைத்தே காட்டினேன்.

வாத்தியார் ஐயா, உங்கள் வரியைப் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலுக்கு மேலே ஒட்டினேன்: “கோல் இல்லாமல் தானே நடப்பார். தனியாக விடக் கூடாது.” அப்பா எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. தொடவும் மாட்டீங்க, விடவும் மாட்டீங்க, அப்புறம் எதுக்கு ஆள் என்று கேட்பாரோ என்று பயந்துகொண்டே இருந்தேன். அப்புறம் அவரே குழறிக் குழறிச் சொன்னார். பணிமனை ஷாப்பில் கிரேன் இன்ஜினைத் தூக்கும்போது கீழே ஒரு கலாசி, அதாவது உதவியாள், நிற்பானாம். இன்ஜின் மேல் அவன் கையே படாதாம். ஆனால் அவன் கண்ணை எடுத்துவிட்டால் மேலே இருக்கிறவன் கிரேனை ஓர் அங்குலம் நகர்த்த மாட்டானாம். “அந்த மாதிரி உங்கம்மா நிக்கணும், அதானே?” என்றார்.

நேற்று விடியற்காலை நாலேகாலுக்கு அம்மாவை எழுப்பியிருக்கிறார். இருவரும் பாத்ரூம் வரை போய்த் திரும்பி வந்து படுத்த பிறகுதான் எனக்கு விழிப்பு வந்தது. கொத்தனார் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.